திடுக்கக்காவின் மழைக்காலப் புத்தகங்கள்

அந்த ராணுவ முகாமில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொன்னால் கேட்டில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியாது. எல்லோருக்கும் அவள் திடுக்கக்கா. முகாமுக்குப் பின்னால், மண்மேட்டை ஒட்டித் துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருக்கிறது. அங்கே முதல் வெடி வெடித்ததும், நூலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குத் தூக்கிவாரிப் போடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் இருக்கும் புத்தகங்களையும் கீழே போட்டுவிடுவாள். வருடங்கள் போகப் போகப் புத்தகம் விழுவது நின்றது. குதிப்பது நிற்கவில்லை.

"அக்கா, நாங்க சுடுறது அட்டையைத்தான். உங்களை இல்ல" என்பார்கள் சிப்பாய்கள்.

"எனக்குத் தெரியுது தம்பி. என் உடம்புக்குத் தெரியணுமே" என்பாள்.

உடம்பை விட மோசம் அவள் முகம். மனதில் இருப்பதை ஒரு நொடிகூட மறைக்கத் தெரியாத முகம். ஒரு புத்தகம் காணாமல் போனால், அவள் வாயைத் திறப்பதற்குள் வாங்கிப்போனவனுக்கு அது தெரிந்துவிடும். நூலகத்துக்கு அடுத்த கட்டடம் நிர்வாக அலுவலகம். இடமாற்றமோ, லீவு ரத்தோ, எந்தச் சேதியும் சுவர் தாண்டி முதலில் அவள் காதில்தான் விழும். அதனால் குவார்ட்டர்ஸ் பெண்கள் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் நூலக ஜன்னலை எட்டிப் பார்ப்பார்கள். முகம் தெளிவாக இருந்தால் நிம்மதியாகப் போவார்கள். "உன் மூஞ்சியை வச்சுக்கிட்டு எங்கேயும் சீட்டாட மட்டும் உட்கார்ந்துடாதே" என்பாள் ஸ்டோர்க்காரர் மனைவி. பருத்த உடம்பும் கூர்மையான நாக்குமாக, முகாமில் யாரையும் விட்டுவைக்காத பெண்மணி அவள்.

இவ்வளவு பயந்த சுபாவம் உள்ளவள் ராணுவ முகாமுக்கு வேலைக்கு வந்ததற்குக் காரணம் அவளுடைய தங்கை. அம்மா போனபோது தங்கை பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்கு முன்பே இல்லை. ஊர்ப் பொது நூலகத்தில் இவள் பார்த்த தற்காலிக வேலை எப்போது போகும் என்று தெரியாத நிலை. முகாம் நூலகத்தில் நிரந்தர வேலை, கூடவே ஓர் அறையும் அடுப்படியும் கொண்ட வீடு என்றார்கள். நேர்முகத் தேர்வு அன்று, துப்பாக்கியோடு நின்ற காவலாளியைத் தாண்டி உள்ளே போவதற்குள் கையில் இருந்த அடையாள அட்டை வியர்வையில் நனைந்து வளைந்துபோயிருந்தது. வேலை கிடைத்துவிட்டது. கிடைக்காமல் போயிருக்கக்கூடாதா என்று அன்று மாலை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை நேர் எதிர். வெடிச் சத்தத்துக்கு நடுவே வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதி முடித்தபின் திடலுக்குப் போய்க் காலித் தோட்டா பொறுக்கி வருவாள். வளர்ந்ததும், லாரி ஓட்டும் சிப்பாய் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போவதாக வந்து நின்றாள். அந்த டிரைவர் நூலகத்துக்கு வருகிறவர்தான். அவர் திருப்பித் தரும் புத்தகங்களின் ஓரமெல்லாம் கிரீஸ் கைரேகை இருக்கும்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதுறவன் ஒருத்தன்கூடவா இல்ல இந்த ஊர்ல?" என்று அக்கா அழுதாள்.

"இருக்காங்க. அவங்களும் ரோட்டைக் கடந்துதானே ஆபீஸ் போறாங்க?" என்றாள் தங்கை.

கல்யாணம் நடந்தது. மூன்று குவார்ட்டர்ஸ் தள்ளிக் குடிபோனார்கள். ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

நூலகம் என்பது பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று. தகரக் கூரை, உயரமான ஜன்னல்கள். முன்னால் வாசிப்புக் கூடம். பின்னால் கிழிந்த புத்தகங்களுக்குப் பசை போட்டுத் தைக்கிற சின்ன பைண்டிங் அறை. அதற்குத் தனியாக ஒரு பின்கதவு உண்டு. வாசலுக்கு நேரே ஓர் அலமாரியை அவள் காலி பண்ணி வைத்திருந்தாள். பருவம் மாறும்போதெல்லாம் அதில் புத்தகங்களும் மாறும். எல்லோரும் அதை "சீசன் அலமாரி" என்றார்கள்.

வெளியூர் நூலகங்களில் மழைக்காலத்துக்கு மழைக் கதை, கோடைக்குக் கடற்கரைக் கதை என்று அடுக்குவார்கள். முகாமில் அது போதாது என்பதை அவள் சீக்கிரமே கண்டுகொண்டாள். குளிர்காலம் லீவு காலம். ரயிலில் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் முடிகிற மெல்லிய புத்தகங்கள் வேண்டும். கோடையில் பயிற்சி கடுமை. மாலையில் ஆள் அடித்துப் போட்டாற்போலக் கிடப்பான். எந்தப் பக்கத்தில் தூங்கிப்போனாலும் பரவாயில்லை என்கிற சின்னச் சின்னக் கதைகளே சரி. மழைக்காலம் இரண்டு வகை. முகாமில் இருப்பவர்களுக்கு வெளிவேலை இல்லை, பொழுது போகாது. மலைமேல் இருக்கும் எல்லைச் சாவடிக்குப் போகிறவர்களுக்கு ஒரே புத்தகம் மாதக் கணக்கில் தாங்க வேண்டும். அது கால்சட்டைப் பையில் நுழையவும் வேண்டும். அதனால் பொடி எழுத்தில் அச்சான தடித்த நாவல்களாகத் தேடிப் பிடித்து, பாலிதீன் உறை போட்டுக் கொடுப்பாள். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். "முதல் அத்தியாயம் இழுக்கும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்." "இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போன் பண்ணாதீர்கள், அழுவீர்கள்."

பருவத்தின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கூடத்தில் நாற்காலி போட்டு, புதிதாக அடுக்கிய புத்தகங்களைப் பற்றிப் பேசுவாள். நாலு பேர் முன்னால் நிற்க நடுங்குகிறவள், கையில் புத்தகம் இருந்தால் மட்டும் தடுமாறாமல் பேசுவாள். குழந்தைகளோடு பெண்கள் வருவார்கள். தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

அந்த வருட மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது. முகாமில் பாதிப் பேர் மேலே போயிருந்தார்கள். மலைச் சாவடிக்குப் போவதை யாரும் ஊர்ப் பெயர் சொல்லிச் சொல்வதில்லை. "மேலே போயிருக்காங்க", அவ்வளவுதான். தங்கையின் கணவரும் போயிருந்தார், லாரியோடு.

சனிக்கிழமை காலையில் திடுக்கக்கா அலமாரியில் கடைசிப் புத்தகத்தை வைத்துவிட்டு, ஈரம் அண்டாமல் இருக்க உள்ளே ஒரு பல்பை எரியவிட்டாள். தேநீருக்குப் பால் சொல்ல கேன்டீனுக்குப் போன் பண்ணினாள். போனில் சத்தமே இல்லை. கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதிலும் சிக்னல் இல்லை.

இரண்டையும் மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

மழையில் லைன் போவது புதிதல்ல. ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் போவதற்கு அந்த முகாமில் இன்னொரு அர்த்தம் உண்டு. மேலே யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால், வீட்டுக்காரர்களுக்கு முறைப்படி சொல்வதற்கு முன் கண்டபடி சேதி பரவக்கூடாது என்று எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிடுவார்கள். அதை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டார்கள். சின்னக் குழந்தைகளுக்குக்கூட அது தெரியும்.

மழைதான், மழையாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஒரு துணியை எடுத்து, ஏற்கனவே துடைத்த அட்டைகளை மறுபடி துடைத்தாள். அப்போது நிர்வாக அதிகாரி உள்ளே வந்தார். இளவயசுக்காரர். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் கால்மிதியில் சொட்டியது. வழக்கமாக மிதியில் காலைத் துடைத்துக்கொண்டு, "புதுசா என்ன மேடம்?" என்று கேட்பவர். அன்று கேட்கவில்லை. அலமாரிகளுக்குப் பின்னால் அவளைக் கூப்பிட்டார்.

"மேடம், சாயங்காலம் புத்தக மீட்டிங் நடக்கட்டும். நிறுத்திடாதீங்க."

"ஏன் சார்? என்ன ஆச்சு?"

"நிறுத்தினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடும். எல்லாரும் ஒரே இடத்துல இருந்தா எங்களுக்கும் நல்லது."

"சார், என்ன ஆச்சுன்னு கேக்குறேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "மேலே போற ரோட்டுல மண் சரிஞ்சிருக்கு. ஒரு வண்டி மாட்டியிருக்கு."

"யாரு வண்டி?"

"தெரியல மேடம். பேரு உறுதியாகி வரணும். தெரிஞ்சாலும் உங்ககிட்ட நான் சொல்லக்கூடாது. இதையே சொல்லியிருக்கக்கூடாது."

வண்டி. அந்த ஒரு சொல் அவள் காதில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. வண்டி என்றால் டிரைவர். ஆனாலும் ஒன்று கேட்டாள்.

"பேரு வந்தா என்ன செய்வீங்க?"

"வந்து கூப்பிடுவோம். டாக்டரும் கூட வருவார்."

"எல்லார் முன்னாடியுமா? ஒருத்தி பேரைச் சொன்னா, அந்த நிமிஷம் மத்தவங்க எல்லாம் மூச்சு விடுவாங்க சார். அவ அதைப் பார்ப்பா. வேண்டாம். பின்னாடி பைண்டிங் ரூம் கதவு இருக்கு. அதைத் தட்டுங்க. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கதவு தட்டப்பட்டால் அவள் போய்த் திறக்க வேண்டும். யாருடைய பெயரோ அதை முதலில் கேட்க வேண்டும். அது தன் தங்கையின் வீடாகவும் இருக்கலாம். ஓடிப்போய் அவரை நிறுத்தி, வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாமா என்று வாசல்வரை போனாள். அவருடைய ஜீப் கிளம்பிவிட்டிருந்தது.

மாலை பெண்கள் குடையோடு வந்து சேர்ந்தார்கள். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். அதுவே கெட்ட அறிகுறி. தனியாக வீட்டில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை. தங்கை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, நனைந்த முடியை உதறியபடி வந்தாள். "போன் செத்துப்போச்சுக்கா. நாலு தூறல் விழுந்தா போதும், நம்ம லைன்மேனுக்கு லீவு" என்று சிரித்தாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. ஸ்டோர்க்காரர் மனைவி அன்று யாரையும் கிண்டல் பண்ணவில்லை. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கடைசியாக வந்தவள் கண்ணாடி. தடித்த மூக்குக்கண்ணாடி போட்டதால் அந்தப் பெயர். சிக்னல் பிரிவில் இருக்கும் ஒரு சிப்பாயின் மனைவி. அந்த முகாமிலேயே அதிகம் படிக்கிறவள். கைக்குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, பின்னாடி ரூம்ல இவளைப் படுக்க வைக்கட்டுமா? இங்க சத்தத்துல முழிச்சிடுவா."

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? பைண்டிங் அறையில் பசை டப்பாவை ஓரமாக ஒதுக்கிவிட்டு, பழைய போர்வையை மடித்துப் போட்டாள். குழந்தையைக் கிடத்தும்போது அவள் பார்வை பின்கதவின் தாழ்ப்பாள்மேல்தான் இருந்தது.

கூடத்துக்கு வந்து முதல் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். எப்போதும் பார்க்கிறவர்கள்தான். அன்று பார்த்தது வேறு மாதிரி. முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? புத்தகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"இது ஒரு படகோட்டியோட கதை. ஆத்துல வெள்ளம் வருது. அவனோட..." நிறுத்தினாள். அந்தக் கதையில் நாலாவது அத்தியாயத்தில் படகு கவிழும். "இது கொஞ்சம் நீளம். அப்புறம் பார்க்கலாம்."

அடுத்ததை எடுத்தாள். துப்பறியும் கதை. கொட்டுகிற மழையில் வீடு திரும்பாத ஓர் ஆளைத் தேடுகிறார்கள். அதையும் வைத்துவிட்டாள். அதற்கடுத்தது தீவில் ஒரு கலங்கரை விளக்கக் குடும்பம். அப்பா கரைக்குப் போனவர் புயலில் வரவில்லை. அவள் கை புத்தகம் புத்தகமாகத் தாவியது. வாரக்கணக்காகத் தேடித் தேடி அடுக்கிய மழைக்காலப் புத்தகங்களில் எதை எடுத்தாலும் உள்ளே யாரோ ஒருவன் திரும்பி வராமல் இருந்தான். மழையை வைத்து எழுதியவர்களுக்கெல்லாம் வேறு கதையே கிடைக்கவில்லையா?

கடைசியில் காளான்களைப் பற்றிய ஒரு படப் புத்தகம் கையில் மாட்டியது. யாரோ தானமாகக் கொடுத்தது. அவள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"மழைக்காலத்துல மரத்தடியில காளான் முளைக்கும். சிலதைச் சாப்பிடலாம். சிலதைச் சாப்பிடக்கூடாது" என்று ஆரம்பித்து, படத்துக்குப் படம் காட்டி, வாய்க்கு வந்ததைச் சொன்னாள். குழந்தைகள் முன்னால் நகர்ந்து வந்தன. பெண்களில் ஒருத்தியும் படத்தைப் பார்க்கவில்லை.

தங்கை பக்கத்தில் வந்து, தேநீர் எடுப்பது போலக் குனிந்து, "அக்கா, இந்தப் புக்கை நீ படிக்கவே இல்ல. என்ன விஷயம்?" என்றாள்.

"ஒண்ணுமில்லடி. போய் உட்காரு."

"உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. எனக்குத் தெரியாதா? சொல்லு. அவரா?"

"எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. உட்காரு."

தங்கை போய் உட்கார்ந்தாள். மகளை மடியில் இழுத்து வைத்து, அவள் தலைமேல் தாடையைப் பதித்துக்கொண்டாள். தோட்டா பொறுக்கிய அந்தப் பெண்ணின் உதடுகள் நடுங்குவதை அக்கா முதல் தடவையாகப் பார்த்தாள்.

தகரக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு நடுவே பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது. சத்தமாகக்கூட இல்லை. அவளுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"நீங்க படத்தைப் பார்த்துட்டு இருங்க. வந்துடறேன்" என்று புத்தகத்தைக் குழந்தைகளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பைண்டிங் அறைக்குள் நுழைந்து கூடத்துக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை நீக்க முதலில் விரல் வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கடவுளே, அவளாக இருக்கக்கூடாது, அவளாக இருக்கக்கூடாது என்று முனகினாள். பிறகு திறந்தாள்.

அதிகாரியும் டாக்டரும் உள்ளே வந்தார்கள். டாக்டர் தொப்பியைக் கழற்றினார். தரையில் போர்வைமேல் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு அதிகாரி, "இது யாரோட குழந்தை?" என்று கேட்டார்.

"கண்ணாடியோடது. சிக்னல்காரர்..."

அவர் முகம் வெளிறிவிட்டது. "அவர்தான் மேடம். காலையிலயே முடிஞ்சுபோச்சு."

"வேற?"

"வேற யாரும் இல்ல. அவர் ஒருத்தர்தான்."

"டிரைவர்... எங்க மாப்பிள்ளை..."

"அவர் பின்னாடி வந்த வண்டியில இருந்தார். ஒரு கீறல்கூட இல்ல."

அவள் பக்கத்தில் இருந்த தையல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாறை இறங்கியது. உயிர் திரும்பி உடம்புக்குள் வந்தது. அப்படியே ஒரு நீண்ட மூச்சு. தரையில் குழந்தை வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு தூங்கியது.

"கூட்டிட்டு வரீங்களா?" என்றார் டாக்டர்.

கூடத்துக் கதவைத் திறந்தாள். அத்தனை கண்களும் அவள் முகத்தில் விழுந்தன.

அவள் வாயைத் திறக்கவே இல்லை. ஆனால் கூடம் முழுவதும் ஒரு தளர்வு ஓடியது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. யாரோ பெருமூச்சு விட்டார்கள். "அப்பாடா! திடுக்கு மூஞ்சி தெளிஞ்சிடுச்சுடி!" என்று ஸ்டோர்க்காரர் மனைவி சிரித்தேவிட்டாள். "மழைதான். வெறும் மழைதான். இதுக்குப் போய் நாம..." தங்கை கண்ணை மூடித் திறந்தாள்.

திடுக்கக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகத்தை மாற்றப் பார்த்தாள். வரவில்லை. வாழ்நாள் முழுக்கக் கேட்காமலேயே வந்து நின்ற பயம், வேண்டும் என்று தேடியபோது வரவில்லை. என் தங்கை இல்லை, என் தங்கை இல்லை என்று உள்ளே ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. அதுதான் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. கிழித்துப் போட முடியவில்லை.

கண்ணாடியின் அருகே போனாள். "குழந்தை முழிச்சிட்டா போல. கொஞ்சம் வா."

கண்ணாடி எழுந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையில் அந்தப் படகோட்டிக் கதை. "இதை எனக்குன்னு எடுத்து வைங்கக்கா. நீளம்னு சொல்லிப் பாதியில விட்டுட்டீங்க. நீளம்னாதான் எனக்கு வேணும்" என்று நாற்காலியில் வைத்தாள். நடக்கும்போது மெதுவாக, "லைன் வந்துடுச்சாக்கா? அவர்கிட்ட இருந்து ஏதாவது..?" என்றாள். நல்ல சேதி கேட்கப்போகிற குரல்.

திடுக்கக்கா அவள் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டாள். கதவுவரை இருந்த அந்தக் கொஞ்ச தூரம் முழுக்க அந்தப் பெண் சந்தோஷமாக நடந்து வந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி டாக்டர் நின்றிருந்தார்.

எழுந்த அலறலில் குழந்தை நிஜமாகவே முழித்துக்கொண்டது. கூடத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்டோர்க்காரர் மனைவி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் உள்ளே ஓடிவந்தது தங்கைதான். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு பல நாட்கள் திடுக்கக்கா முகம் கழுவும்போது சுவர்க்கண்ணாடியைப் பார்ப்பதில்லை. நூலகத்தில் யாராவது வந்தால் தலையைக் குனிந்து முத்திரை குத்துவாள். தூக்கத்தில் யாரோ கதவைத் தட்டுவது போலத் திடுக்கிட்டு எழுந்து உட்காருவாள். "எனக்கும்தான் அப்படி இருந்துச்சு. இங்க இருக்குற அத்தனை பேருக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீ மட்டும் என்ன கல்லால செஞ்சவளா?" என்று தங்கை திட்டினாள். இவளுக்கு அது ஆறுதலாக இல்லை. மற்றவர்கள் முகத்தை நம்பி யாரும் எழுந்து நடக்கவில்லையே.

மழை ஓய்ந்து மாப்பிள்ளை கீழே வந்தார். வந்த அன்று நூலகத்துக்கு வந்து, வாங்கிப்போன தடித்த நாவலை மேசைமேல் வைத்தார். "படிச்சு முடிச்சீங்களா?" என்று கேட்டாள். "இல்லக்கா" என்றார். ரொம்ப நேரம் வாசிப்புக் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

கண்ணாடி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணுவதற்கு முன் ஒரு பகல் வேளையில் வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. குழந்தை இடுப்பில். திடுக்கக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். ஓடிவிடலாமா என்றிருந்தது. கால் நகரவில்லை.

"உட்காருங்கக்கா. உங்களை ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானே? என்னைக் கூப்பிட வந்தப்போ?"

"தெரியும்."

"உங்க முகம் அப்படி இருந்துச்சே."

பொய் சொல்ல ஒரு வழி இருந்தது. உன்னைப் பயமுறுத்த வேண்டாமென்று வரவழைத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம். யாரும் நம்பமாட்டார்கள், அவளுக்குத்தான் அந்த வித்தை தெரியாதே. "என் தங்கச்சி வீடு இல்லைன்னு சொன்னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு. நீ பார்த்தது அதைத்தான். மறைக்கப் பார்த்தேன், முடியல" என்றாள்.

கண்ணாடி குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். குழந்தை அவள் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. அதன் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"தெரியும்க்கா. அன்னிக்கே புரிஞ்சுடுச்சு. கதவைத் திறந்ததும் முதல்ல அதுதான் புரிஞ்சுது, அப்புறம்தான் அவர் போனது." மூச்சு வாங்கினாள். "ஆனா கதவுவரைக்கும் நடந்து வந்தேன் பாருங்க, அப்போ நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தேன். அதுக்கு உங்களைத் திட்டுறதா, கையெடுத்துக் கும்பிடுறதான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சா சொல்றேன்."

"சரிம்மா."

"வரேன்க்கா."

அவள் புத்தகம் எதுவும் கேட்கவில்லை. திடுக்கக்காவும் கொடுக்கத் துணியவில்லை. அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் ஒரு வேனோடு வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு அவளிடமிருந்து எந்தச் சேதியும் வரவில்லை.

குளிர்காலம் நெருங்கியது. திடுக்கக்கா நிர்வாக அதிகாரியிடம் போய், "இந்தத் தடவை மீட்டிங் வேண்டாம் சார். அலமாரியில அடுக்கி வச்சிடறேன், வேணுங்கறவங்க எடுத்துக்கட்டும்" என்றாள்.

"உங்க இஷ்டம் மேடம்" என்றார் அவர். அவரும் முன்பு போல இல்லை. இளமை வடிந்துபோயிருந்தது.

ஆனால் சனிக்கிழமை மாலை பெண்கள் அவர்களாகவே வந்துவிட்டார்கள். ஸ்டோர்க்காரர் மனைவி நாற்காலிகளை எடுத்துப் போட்டாள். தங்கை பிளாஸ்க்கில் தேநீர் கொண்டுவந்தாள். திடுக்கக்கா பைண்டிங் அறைக் கதவைத் திறந்து, பின்கதவின் தாழ்ப்பாளை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். மேசைமேல் இருந்த போனை எடுத்துக் காதில் வைத்தாள். டயல் சத்தம் சீராக வந்தது.

ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் எடுத்துத் திரும்பினாள். பெண்களில் சிலர் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டோர்க்காரர் மனைவி புத்தகத்தின் அட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடுக்கக்காவின் முகத்தை ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது ஒரு சின்னக் கதை. ஒரு ரயில் பிரயாணத்துக்குச் சரியா இருக்கும்" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் காதை வெளியே வைத்துக்கொண்டே பேசினாள். பேசி முடிக்கும்வரை நூலக வாசலில் எந்த வண்டியும் வந்து நிற்கவில்லை.